தாம்போதியில் நின்ற கார்

ஓடிக்கொண்டிருக்கிற கார் நின்றுபோனால் அதற்கு இரண்டே காரணம்தான் என்று வேலணைக் கராஜ்காரர் சொல்லுவார். ஒன்றில் எண்ணெய் வரவில்லை, அல்லது நெருப்பு வரவில்லை. மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. அதை நான் பதினொரு வயதில், புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் நடுவே, இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற தாம்போதி றோட்டில் கண்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை அப்பாவே நிறுத்தினார். பிறகு அவர் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் அடைத்துப்போகிறது.

என்னோடு சேர்ந்து வயது போய்க்கொண்டிருக்கிற உங்களுக்கு மொறிஸ் மைனரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. திறப்பைத் திருப்பியதும் முன்பக்கத்தில் எங்கேயோ பல்லி சொல்வதுபோல டிக் டிக் டிக்கென்று பெற்றோல் பம் அடிக்கும். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை நீளும். எங்கள் கார்க் கை பாதியில் சிக்கி நிற்கும். உள்ளேயிருந்து நான் குத்தினால்தான் மிச்சத்துக்கு நீளும். வெயிலில் நின்ற காருக்குள் ஏறினால் சீற்றுத் தோல் தொடையைச் சுடும், கிழிசலுக்குள்ளால் குதிரைமயிர் குத்தும். அந்தத் தோல் மணத்தை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் அப்படி இரண்டு கார்கள் இருந்தன. அப்பாவும் அவருடைய தமையன் பெரியப்பாவும் களுத்துறைப் பக்கத்தில் ஒரு சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். கடை நன்றாக ஓடிய காலத்தில் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரேமாதிரி இரண்டு கார்களை வாங்கினார்களாம். கறுப்புக் கார் பெரியப்பாவுக்கு. அது கடையோடு நின்றது. சாம்பல் கார் அப்பாவுக்கு. அது ஊரில் எங்கள் கொட்டிலில் நின்று, அப்பா திருவிழாவுக்கு வரும்போது மட்டும் வெளியே வரும். அப்பாவுடைய காரையும் பெரியப்பாதான் பார்ப்பார். தன் சொந்தச் சாமான்களில் மட்டும் சிவப்புப் பெயின்றில் ஒரு பொட்டு வைப்பார். படிக்கல்லில், குடைப் பிடியில், சைக்கிள் பம்மில். கடைக்காரப் பழக்கம். "என்ரை எது, உன்ரை எது எண்டு தெரிய வேணுமெல்லே தம்பி" என்பார்.

அம்மாவும் அக்காவும் நானும் ஊரில், புங்குடுதீவில் இருந்தோம். பெரியம்மா மட்டும் பெரியப்பாவோடு அங்கேயே இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊருக்கு வந்தால் எனக்குத் தலை பின்னுவது அவர்தான். அம்மா பின்னினால் இழுபட்டு நோகும். பெரியம்மா பின்னினால் நித்திரை வரும்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது.

எரிந்த அன்று கறுப்புக் காரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் தப்பிப் போனார்கள். ஒரு சிங்களக் கூட்டாளியின் றப்பர்த் தோட்டத்தில் ஒளிந்திருந்து, ஊரடங்கு எடுத்த பிறகு அந்தக் கூட்டாளியையே முன் சீற்றில் இருத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். அப்பா அந்தக் காரில் இல்லை. அவர் பின்பக்கக் களஞ்சிய அறைக்குள் மூட்டை அடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது வீட்டில் ஆளும் இல்லை, ஒழுங்கையில் காரும் இல்லை. சுடுகிற இரும்புக் கதவைக் கையால் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவரைப் பக்கத்துப் பேக்கரி அம்மா விறகுக் கொட்டிலுக்குள் தள்ளிப் பூட்டி வைத்தாராம். பிறகு முகாம். பிறகு கப்பல். காங்கேசன்துறையில் இறங்கும்போது அப்பாவின் வலக்கை உள்ளங்கையில் ரேகையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, இரண்டு வளவுக்கும் நடுவே வேலி அடைத்தது. அதுவரை எங்களுக்கு அங்கே வேலி இருந்ததில்லை. பெரியப்பா அந்தப் பக்கம் நின்று "தம்பி" என்று கூப்பிட்டார். அப்பா கிடுகைத் தூக்கி அந்த முகத்துக்கு நேரே வைத்துக் கட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருசம் அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. அத்தான் கப்பலில் வேலை. அக்காவுக்குக் கால் இரண்டும் பூசணிக்காய்போல வீங்கிவிட்டன. "பஸ்ஸை நம்பி இருக்க ஏலாது. காரைத் திருத்துங்கோ" என்று மருத்துவிச்சி அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குத் தாம்போதியால் போய், வேலணையால் சுற்ற வேண்டும்.

கார் அப்போது ஒரு கூத்துக் காட்டிக்கொண்டிருந்தது. குளிரில் ஒழுங்காக எழும்பும். வாசல் படலை கடந்து கோயிலடி வரைக்கும் போகும். சூடு ஏறியதும் இருமும், துள்ளும், நிற்கும். பிறகு எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். கராஜ்காரர் சைக்கிளில் வருவார். கராஜ் என்பது பெயர்தான், அவரிடம் இருந்தது ஒரு வேப்பமரமும் ஒரு பெட்டி ஸ்பானர்ச் சாவியும். முதலில் எண்ணெய் வழியைப் பார்த்தார். தாங்கியைக் கழற்றிக் கவிழ்த்தபோது தேத்தண்ணீர் நிறத்தில் துருக் கறள் கொட்டியது. காபரேற்றரைக் கழற்றி, வாயால் ஊதி, பேணிக்குள் கழுவினார். கார் கோயிலடி தாண்டிப் பள்ளிக்கூடம் வரைக்கும் போய் நின்றது.

"எண்ணெய் வருது முதலாளி. அப்ப நெருப்பைத்தான் பாக்க வேணும்."

பிளக் நாலையும் மாற்றினார். பொயின்றை அரத்தால் தீட்டினார். அப்பா யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் புதுக் கொயில் வாங்கி வந்தார். ஒவ்வொரு முறையும் கார் கொஞ்சத் தூரம் கூட ஓடி எங்களை ஏமாற்றியது. கடைசியில் ஒரு நாள் கராஜ்காரர் டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழலுகிற றோட்டருக்கு மேலே கொயில் வயரைப் பிடித்துப் பார்த்தார். றோட்டர் என்பது கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளைத் தகடு. அதற்குள்ளே நீலப் பொறி பாய்ந்தது. பாயக்கூடாதாம். அவர் அதைக் கழற்றி வெயிலுக்குக் காட்டினார். தலைமயிர் ஒன்று ஒட்டிக்கிடப்பதுபோல ஒரு வெடிப்பு.

"இவர்தான் ஆள். சூடு ஏற வாய் திறக்கிறார். நெருப்பு பிளக்குக்குப் போகாமல் கீழை இறங்கிப் போகுது."

எங்களுக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். நோய் கண்டுபிடித்தாயிற்று, இனி மருந்துதானே என்று நினைத்தோம்.

மருந்து கிடைக்கவில்லை. அப்பா அந்தத் துண்டைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு யாழ்ப்பாணத்துக் கடை கடையாக ஏறி இறங்கினார். "உந்தக் காருக்கு இப்ப ஆர் முதலாளி சாமான் இறக்கிறான்? வித்துப்போட்டு மாடு வாங்குங்கோ" என்று ஒரு கடைக்காரர் சொன்னாராம். சாவகச்சேரியில் ஒரு வளவில் பழைய மைனர் ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கே போனார். சீற்றில் கோழி அடை கிடந்தது. டிஸ்ரிபியூட்டரை யாரோ எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். கொழும்பில் எடுக்கலாம் என்றார்கள். அப்பா கொழும்புக்குப் போகிற ஆளாக அப்போது இல்லை. வேறு காரின் றோட்டரை அராவிப் போட்டுப் பார்த்தார்கள். மூடியில் முட்டியது. கராஜ்காரர் எருமைக் கொம்பைச் செதுக்கி, பித்தளை வைத்து, அச்சாக ஒன்று செய்துவந்தார். அது வேலணைச் சந்தி வரைக்கும் ஓடி, மயிர் கருகிய நாற்றத்தோடு செத்தது.

அன்றைக்குக் கராஜ்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, வேலிப் பக்கம் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"முதலாளி, குறை நினைக்கக் கூடாது. அங்காலை நிக்கிறதும் இதே கார்தானே. அண்ணையிட்டைக் கேட்டால் ஒரு நாளைக்குத் தர மாட்டாரோ? பிள்ளையின்ரை விசயம்."

அப்பா வலக்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"இதை ஒருக்காப் பாரும். அந்தக் காரிலை இருந்து ஒரு திருகுப் புரியாணி வந்தாலும் என்ரை காருக்கு வேண்டாம். என்னை எரிய விட்டுப்போட்டு ஓடின கார் அது."

வேலிக்கு அப்பால் உரலடியில் பெரியம்மா நின்றிருக்கிறார். உலக்கைச் சத்தம் சட்டென்று நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பெரியம்மா அந்த ஒரு வருசத்தில் மிகவும் மெலிந்துபோயிருந்தார். றோட்டில் ஏதாவது வாகனம் வந்து நின்றால், பேசிக்கொண்டிருக்கிறவர் அப்படியே பேச்சை விட்டுவிட்டு, அது திரும்பவும் புறப்படும்வரைக்கும் மூச்சுப் பேச்சில்லாமல் நிற்பார்.

வேலியில் கிணற்றடிப் பக்கமாக அம்மா தலை நுழைகிற ஓட்டையாக ஒரு பொட்டு வைத்திருந்தா. அப்பாவுக்குத் தெரியாது, அல்லது தெரியாததுபோல இருந்தார். இரண்டு நாள் கழித்து, அப்பா கடற்கரைக்குப் போன நேரம் பார்த்து, பெரியம்மா அந்தப் பொட்டால் தலையை நீட்டினார். கையில் மா அரிக்கிற துணியில் சுற்றின ஒரு சின்னப் பொட்டலம்.

"கழட்டக் கஷ்டமே இல்லைத் தங்கச்சி. ரெண்டு கிளிப்பைத் தள்ளினன், மூடி வந்திட்டுது. இழுத்தன், கையோடை வந்திட்டுது."

"உங்கடை அவர் கேட்டால்?"

"கள்ளன் எடுத்திட்டான் எண்டு சொல்லுவன். எனக்கென்ன, பொய் சொல்லிப் பழக்கமில்லையே?" என்று பெரியம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு மாதிரியாக இருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் அது அப்போது விளங்கவில்லை.

அம்மா அந்த றோட்டரைக் கராஜ்காரரிடம் கொடுத்து, கிளிநொச்சியில் ஒரு ஆளிடம் எடுத்தது என்று சொல்லச் சொன்னா. அவர் நெற்றியைச் சொறிந்தார். பிறகு அக்காவின் காலைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

கார் ஓடியது! பள்ளிக்கூடம் தாண்டி, சந்தி தாண்டி, குறிகட்டுவான் துறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அப்பா அன்றைக்குத்தான், ஒரு வருசத்துக்குப் பிறகு, சாப்பிடும்போது கதை சொன்னார். இரண்டாந்தரம் சோறு கேட்டார். அம்மா குசினிக்குள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டா.

அந்தக் கிழமை முடிய முன்னம் அக்காவை ஆஸ்பத்திரியில் காட்டப் புறப்பட்டோம். அப்பா ஓட்டினார், அம்மா முன்னுக்கு, அக்காவும் நானும் பின்னுக்கு. மாரி தொடங்கவில்லை. கடல் வற்றிச் சாதாளைப் பாசி நாறியது. தாம்போதியில் ஏறியதும் எங்களுக்கு முன்னால் ஒருவர் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனார். வேட்டி படபடவென்று அடித்தது. கிட்டப் போனபோதுதான் பெரியப்பா என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் ஊர்காவற்றுறைக்குப் போகிற வழக்கம், ஆனால் எப்போதும் காரில்தான். நாங்கள் கடந்தபோது அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா பார்க்கவேயில்லை.

"பாவம் பெரியப்பா" என்றா அக்கா. அவவுக்கு ஒன்றும் தெரியாது. "நாலைஞ்சு நாளாக் கார் எடுக்க ஏலாதாம். றோட்டரை ஆரோ கழட்டிக்கொண்டு போட்டாங்களாம்."

அம்மா திரும்பி அக்காவைப் பார்த்தா. அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

கார் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியது. பிறகு ஓரமாக நின்றது. அப்பா இறங்கிப் பொனற்றைத் தூக்கினார். கிளிப் இரண்டும் டக், டக்கென்று தட்டுப்பட்டது எனக்குக் கேட்டது. நான் இறங்கிப் போனேன். அப்பா றோட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிப்பக்கக் குழிக்குள்ளே ஒரு சிவப்புப் பொட்டு.

"இஞ்சேரும், இறங்கும்."

அம்மா இறங்கினா.

"இது எங்கையிருந்து வந்தது?"

"கராஜ்காரர்தான்..."

"கராஜ்காரர் சிவப்புப் பொட்டு வைக்கிறவரோ?"

"அங்காலை அக்கா தந்தவ. பிள்ளைக்காக வாங்கினனான். உங்கடை பிள்ளைக்காக."

அப்பா கையை ஓங்கினார். அம்மாவை அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். திறந்தபோது அவருடைய கை வெறுமையாகக் கடல் பக்கம் நீண்டிருந்தது. எறிந்துவிட்டார். வயிற்றுப் பிள்ளையோடு மகள் பின் சீற்றில் இருக்க, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மரநிழல்கூட இல்லாத தாம்போதியின் நடுவில், மாதக் கணக்காய்த் தேடிய பொருளைக் கடலில் எறிந்துவிட்டார். விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. காற்று மட்டும்.

"அப்பா!" என்றா அக்கா காருக்குள்ளிருந்து. அம்மா கத்தவில்லை. தார் றோட்டில் அப்படியே இருந்துவிட்டா. அப்பா தன்னுடைய கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அது அதிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: இது எங்கள் அப்பா இல்லை.

பெரியப்பாவின் சைக்கிள் வந்து சேர்ந்தது. கடந்து போவார் என்று நினைத்தோம். அவர் நின்று, அக்காவின் பக்கக் கண்ணாடியில் குனிந்தார்.

"என்ன பிள்ளை, நிண்டிட்டுதோ?"

அவர் போய்ப் பொனற்றுக்குள் பார்த்தார். திறந்துகிடந்த மூடியைப் பார்த்தார், றோட்டர் இல்லாத தண்டைப் பார்த்தார், றோட்டில் இருந்த அம்மாவைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. "ஓ" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்.

"எவடத்திலை விழுந்தது?"

நான் கையைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லில் கல்லாகக் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கினார்.

யாழ்ப்பாணப் பஸ் வந்தது. அக்காவையும் அம்மாவையும் ஏற்றிவிட்டோம். கொண்டக்டர் அக்காவைப் பார்த்துவிட்டு, முன் சீற்றில் இருந்தவர்களை எழுப்பிவிட்டார். ஏறும்போது அம்மா என் காதுக்குள் "நீ அப்பாவோடை நில்லு, விட்டிட்டு அசையாதை" என்றா. அதற்குப் பிறகு எங்கள் ஊர் உழவு மெசின் ஒன்று வந்தது. கயிறு எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த ஆளும் போனார். நாங்கள் மூன்று பேரும் மிஞ்சினோம். அப்பா கல்லில் இருந்தார். பெரியப்பா முழங்கால் தண்ணீரில் காலால் சேற்றைத் தடவித் தடவி நடந்தார். சிப்பி வெட்டி அவருடைய காலிலிருந்து இரத்தம் வந்தது. குனிந்து எடுப்பார், பார்ப்பார், கல்லாக இருக்கும், போடுவார்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. நிழல் நீண்டுவிட்டது. அப்பா திடீரென்று பேசினார். ஒரு வருசத்துக்குப் பிறகு தமையனோடு பேசிய முதல் வார்த்தை அது.

"இந்தத் தேடுதலை அண்டைக்குத் தேடியிருக்கலாம்."

பெரியப்பா நிமிர்ந்தார். "நீ தப்பிப் போட்டாய் எண்டு நினைச்சனான்."

"ஆர் சொன்னது?"

பெரியப்பா திரும்பவும் குனிந்தார்.

"ஆர் சொன்னது எண்டு கேக்கிறன்!"

அவர் தடவிக்கொண்டே இருந்தார்.

உழவு மெசின் திரும்பி வந்தபோது பின்னால் கொழுவியிருந்த பெட்டிக்குள் பெரியம்மா நின்றார். யாரோ ஊரில் சொல்லியிருக்கிறார்கள். அது நிற்க முதலே குதித்து இறங்கினார். தண்ணீருக்குள் நிற்கிற கணவரைப் பார்த்தார். பிறகு நேரே அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, அவரை வெளியிலை கூப்பிடும். அவர் ஒண்டும் செய்யேல்லை. நான்தான்."

அப்பா பார்த்தார்.

"கார் எடுக்கேக்கை இவர் கேட்டவர், தம்பி எங்கை, உள்ளுக்குப் பாத்தனியோ எண்டு. பாத்தனான், மதிலாலை பாய்ஞ்சு போட்டார் எண்டு சொன்னனான். நான் பாக்கேல்லைத் தம்பி. உள்ளுக்குப் போகவேயில்லை. சந்தியிலை சத்தம் கேட்டது. நிண்டால் எல்லாரும் எரிவம் எண்டு பயம். பொய் சொன்னனான்."

காற்று அந்த நேரம் நின்றிருந்தது போலத்தான் எனக்கு நினைவு. எனக்கு நித்திரை வர வர தலை பின்னிய பெரியம்மா. என் காதுகளை என்னாலேயே நம்ப முடியவில்லை. நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். அதே கைகள்தான்.

அப்பா அவரைக் கடந்து கடல் பக்கம் போனார்.

"அண்ணை, உங்களுக்கு இது தெரியுமோ?"

"நீ கப்பலாலை வந்து இறங்கின அண்டைக்குச் சொன்னவள்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஒரு வருசமா நான் உங்களை..."

"சொன்னால் நீ இவளின்ரை முகத்தைப் பாப்பியோ?" பெரியப்பா மூச்சு வாங்கினார். "நான் கூடப்பிறந்தவன். என்னோடை எண்டால் உனக்கு எப்பவாவது ஆறும். அவளோடை எண்டால் ஆறாது. அதுதான்."

அப்பா சேட்டோடு, காற்சட்டையோடு கடலுக்குள் இறங்கினார். பெரியப்பாவின் கையைப் பிடித்தார். "ஏறுங்கோ அண்ணை. காணும். காலிலை இரத்தம் வருது." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு கல்லில் ஏறி வந்தார்கள். அப்பா அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

காரைக் கயிற்றில் கட்டினார்கள். சகோதரர்கள் முன் சீற்றில் ஏறினார்கள். அப்பா என்னைப் பின்னால் ஏறச் சொன்னார். பெரியம்மாவுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெரியப்பாவின் செருப்பை எடுத்து ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு, சைக்கிளை உருட்டத் தொடங்கினார். நான் பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே வந்தேன். முன்னால் அவர்கள் இரண்டு பேரும் கடையைப் பற்றி, பேக்கரி அம்மாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா ஒரு தரம் திரும்பிப் பார்க்க முயன்றார். அப்பா கதையை நிறுத்தினார். பெரியப்பா முன்னுக்குத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் இருவரும் சேர்ந்து வேலியைப் பிரித்தார்கள். ஊரெல்லாம் வந்து பார்த்துச் சந்தோசப்பட்டது. எனக்குச் சந்தோசமாக இல்லை. வேலி இருந்த காலத்தில் பெரியம்மா பொட்டால் தலையையாவது நீட்டுவார். இப்போது அப்பா முற்றத்தில் இறங்கினால் அவர் உள்ளே போய்விடுவார். பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். பெரியம்மா தன் குசினியில் தனியே சாப்பிட்டார். ஆண்கள் தங்களுக்குள் ஆறிக்கொண்டார்கள், அதற்கு விலை ஒரு பெண் என்று இன்று எனக்குச் சொல்லத் தெரிகிறது. அன்று சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்லி விட்டுப் போனவர் அவர்தான். ஆனால் அந்த ஒரு வருசத்தில் உண்மையைச் சொல்ல வாய் திறந்தவரும் அவர் ஒருவர்தான்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகமாக. பஸ்ஸில்தான் போனோம். அத்தான் எங்கோ ஒரு துறைமுகத்தில் தேடிப் பிடித்து றோட்டர் இரண்டு பார்சலில் அனுப்பினார். இரண்டு கார்களும் ஓடின.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, குழந்தையை நயினாதீவு அம்மனிடம் கொண்டுபோகப் புறப்பட்டோம். துறை வரைக்கும் காரில், பிறகு படகில். அப்பாவும் பெரியப்பாவும் முன்னுக்கு. அம்மா, அக்கா, குழந்தை, நான் பின்னுக்கு. பெரியம்மா தலை முழுகி, நல்ல சீலை உடுத்து, படலையடியில் வந்து நின்றார். கேட்கவில்லை. நின்றார் மட்டும். அப்பா திறப்பைத் திருப்பினார். பம் அடித்தது. எஞ்சின் எழும்பியது.

"அப்பா, பெரியம்மா நிக்கிறா" என்றா அக்கா.

அப்பா கியரைப் போட்டார்.

அக்கா கதவைத் திறந்தா. ஓடத் தொடங்கிய கார் குலுங்கி நின்றது. அவ குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப்போய், பெரியம்மாவின் கையில் வைத்தா. பிறகு அம்மா இறங்கினா. நானும் இறங்கினேன்.

"ஏன் பிள்ளையள் இறங்கிறியள்? நல்ல நேரம் போகுது, போங்கோ, போங்கோ" என்று பெரியம்மா பதறினார். ஆனால் குழந்தையை விடவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. அப்பா திரும்பவில்லை. பெரியப்பாவும் திரும்பவில்லை. பிறகு, நீங்கள் நம்பமாட்டீர்கள், கார் புறப்பட்டது. அர்ச்சனைத் தட்டோடும் பூவோடும் இரண்டு ஆண்களும் குழந்தை இல்லாமலே கோயிலுக்குப் போனார்கள்.

பிறகு சண்டை வர, தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். கார்கள் இரண்டும் கொட்டிலிலேயே நின்றன, என்ன ஆனதென்று தெரியாது. அப்பா சுன்னாகத்தில் ஒரு வாடகை வீட்டில் செத்தார். கடைசிவரை பெரியம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செத்த வீட்டில் பெரியம்மா தலைமாட்டில் இருந்து அழுதார். அதைத் தடுக்க அப்பாவால் முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்றுதான் பெரியப்பா எனக்கு அன்றைய கோயில் கதையைச் சொன்னார். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளை எங்கே என்று கேட்டாராம். "வீட்டிலை, என்ரை மனுசியின்ரை கையிலை" என்று பெரியப்பா சொன்னாராம். அப்பா குழந்தையின் நட்சத்திரத்தைச் சொன்னார். அக்கா, அத்தான், அம்மா, நான் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். பெரியப்பாவைச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பெரியம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னாராம். ஐயருக்குக் கேட்கவில்லை என்றதும், இரண்டாம் தரம் உரக்கப் பிலத்துச் சொன்னாராம்.

அப்பாவா?

"இதை நீங்கள் அப்பவே பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்கலாமே பெரியப்பா!"

பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். பெரியம்மா குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"வீட்டை வந்த உடனை சொன்னனான் பிள்ளை" என்றார். "அவள் நம்பேல்லை."